திண்ணை மெழுகிற்று

"விஷவாயு தாக்கி இருவர் பலி."

ஒரு நாளிதழின் இரவுப் பணியில் இருபத்திரண்டு ஆண்டுகள் பிழைதிருத்துபவனாக இருந்தேன். இந்தத் தலைப்பை எத்தனை முறை பார்த்து அனுப்பியிருப்பேன் என்று சொல்ல முடியாது. ஊர்ப் பெயர் மாறும், எண்ணிக்கை மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். அதில் திருத்துவதற்கு எதுவும் இருந்ததில்லை. ஒற்று சரி, இடைவெளி சரி. சிவப்புப் பேனா அதைத் தாண்டி அடுத்த செய்திக்குப் போய்விடும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு காலையில் அதே தலைப்பை வெறும் வாசகனாகப் படித்தேன். கையில் பேனா இல்லாததாலோ என்னவோ, அன்று அந்த வாக்கியம் வேறு மாதிரி தெரிந்தது. தாக்கியது எது? வாயு. எழுவாய் வாயுதான். எதிரியைப் போல அது குழிக்குள் காத்திருந்து இரண்டு மனிதர்களைத் தாக்கியதாக நான் ஆண்டுக்கணக்கில் சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன். அந்தக் குழியின் மூடியைத் திறக்கச் சொன்னவர் ஒருவர் இருப்பார். தொலைபேசியில் கூப்பிட்டவர் ஒருவர் இருப்பார். முகமூடியும் மூச்சுக்கருவியும் தராமல் உள்ளே இறக்கியவர் ஒருவர் இருப்பார். அவர்களில் ஒருவருக்கும் அந்த வாக்கியத்தில் இடம் இல்லை.

சட்டம் அப்படி எழுதவில்லை. கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பணியமர்த்துவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், எந்தத் தனிநபரும் எந்த உள்ளாட்சி அமைப்பும் எந்த முகமையும் பாதாளச் சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டத்தின் எழுவாய் வேலைக்கு வைத்தவர். வாயு அதில் எழுவாயாக வரவே இல்லை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டமும் தீர்ப்பும் செய்தவரைத் தேடுகின்றன. நாங்கள் அச்சிட்ட தலைப்பு அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

இது எங்கள் அலுவலகத்துக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. நம் மொழிக்கே இது பழைய பழக்கம். தொல்காப்பியத்தின் வினையியலில் ஒரு நூற்பா உண்டு: "செயப்படுபொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே." செய்யப்பட்ட பொருளே செய்ததைப் போலச் சொல்வதும் வழக்கில் உள்ள மரபுதான் என்கிறது அது. உரையாசிரியர்கள் இதற்குத் தரும் எடுத்துக்காட்டு "திண்ணை மெழுகிற்று." இன்னொன்று, "கலம் கழீஇயிற்று." திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளாது, பாத்திரம் தன்னைத் தானே கழுவிக்கொள்ளாது என்பது எழுதியவர்களுக்கும் தெரியும், படிப்பவர்களுக்கும் தெரியும். ஆனாலும் இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். மொழியில் இத்தனை வேலைகள் இருக்க, செய்தவரைச் சொல்லாமல் விட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதற்குச் சான்றாக மெழுகுவதும் கழுவுவதும்தானே வந்தன? குனிந்து மெழுகியவளின் முதுகு அந்த இரண்டு சொல் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறது.

பிழைதிருத்தும் வேலையில் ஊறியவனுக்கு எழுத்துதான் முதலில் கண்ணில் படும். அப்படி ஒரு நாள் கண்ணில் பட்டதுதான் இது. எரிந்தது, எரித்தது. இடிந்தது, இடித்தது. உடைந்தது, உடைத்தது. கலைந்தது, கலைத்தது. கவிழ்ந்தது, கவிழ்த்தது. குறைந்தது, குறைத்தது. வளர்ந்தது, வளர்த்தது. ஒவ்வொரு இணையிலும் மாறுவது ஒரே ஒரு மெய்யெழுத்து. மெல்லின 'ந்' இருந்தால் காரியம் தானாக நடக்கிறது. வல்லின 'த்' வந்தால் அதைச் செய்த ஆள் வந்து நிற்கிறார். எல்லா வினைகளும் இப்படி நடப்பதில்லை. மாறியது, மாற்றினார் என்று வேறு வழியில் போகிறவையும் உண்டு. ஆனால் அரசியல் செய்தியில் அன்றாடம் புழங்கும் வினைகளில் பெரும்பகுதி இந்த ஒற்றை எழுத்தில்தான் நிற்கிறது. ஆட்சி கவிழ்ந்தது என்று எழுதலாம், கவிழ்த்தார்கள் என்றும் எழுதலாம். நிதி குறைந்தது, நிதியைக் குறைத்தார்கள். கூட்டம் கலைந்தது, கூட்டத்தைக் கலைத்தார்கள். பகை வளர்ந்தது, பகையை வளர்த்தார்கள்.

பணியில் இருந்தபோது இதை ஒரு முறை நேரடியாகச் சந்தித்தேன். செய்தியாளர் அனுப்பிய படியில் "குடிசைகளை எரித்தனர்" என்று இருந்தது. பக்கம் முடிக்கும் நேரத்தில் என்னிடம் வந்த மெய்ப்பில் "குடிசைகள் எரிந்தன" என்று ஆகியிருந்தது. (பாருங்கள், "ஆகியிருந்தது" என்று இப்போதும் எழுதுகிறேன். ஓர் உதவி ஆசிரியர் அதை மாற்றினார்.) நான் போய்க் கேட்டேன். வழக்கு இன்னும் பதிவாகவில்லை, யார் செய்தார்கள் என்று நாம் எப்படி எழுதுவது, நாளைக்கு அவதூறு வழக்கு வந்தால் என்ன செய்வது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட ஆதாரம் வேண்டும். ஆனால் பெயர் தெரியாது என்பது வேறு, ஆளே இல்லை என்பது வேறு. "எரித்தவர்கள் யார் என்று தெரியவில்லை" என்றும் எழுதலாமே என்றேன். இடம் இல்லை என்றார். நான்கு சொல்லுக்கு இடம் இல்லை. அன்று இரவு நான் அதற்கு மேல் வாதாடவில்லை. இருக்கைக்குத் திரும்பி, "எரிந்தன" என்பதில் எழுத்துப் பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆளை மறைப்பது எல்லா நேரமும் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அந்த மறைப்பு அவரைக் காப்பதற்கு. முன்பெல்லாம் அந்தச் செய்திகளில் "கற்பழிக்கப்பட்டார்" என்றுதான் வரும். வார்த்தைக்குள்ளேயே இழப்பு அவளுடையதாகவும், செய்தவன் எங்கோ தூரத்திலும் இருப்பான். அந்தச் சொல் மெதுவாகப் பின்வாங்கி, "பாலியல் வன்கொடுமை செய்தவர்" என்று எழுதும் வழக்கம் வந்ததைப் பக்கம் பக்கமாக என் கண்ணெதிரே பார்த்தேன். பெண்கள் அமைப்புகள் கேட்டுக்கேட்டு வாங்கிய மாற்றம் அது. ஒரு சொல்லை மாற்றுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

மறைப்பையே ஆயுதமாகத் திருப்பிப் பிடித்த நேரமும் நம் இதழியல் வரலாற்றில் இருக்கிறது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. பத்திரிகைகளுக்கு முன்தணிக்கை. 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சியை மத்திய அரசு கலைத்தது. விசாரணை இல்லாமல் சிறையில் வைக்க இடம் தந்த மிசா சட்டத்தில் கைது செய்தவர்களின் பெயர்களைப் பத்திரிகையில் போட முடியாது. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அன்று முரசொலியில் ஒரு பட்டியலை வெளியிட்டார் கலைஞர்: அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோர். ஏன் இயலாது என்று ஒரு சொல்கூட இல்லை, யார் தடுத்தார்கள் என்றும் இல்லை. ஆனால் படித்த ஒவ்வொருவருக்கும் புரிந்தது. அந்தக் கட்சியை விரும்புகிறோமா வெறுக்கிறோமா என்பது வேறு விஷயம். "இயலாதோர்" என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு சிறைச்சாலையையே வைத்த எழுத்து அது. தணிக்கை அதிகாரி மேசையில் இருக்கும்போது எழுவாயை விட்டுவிடுவது துணிவு. அவர் இல்லாதபோதும் விட்டுவிடுகிறோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு நாளிதழில் எழுவாயைத் தவறவே விடாத ஓர் இடம் உண்டு. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வரும் வரி: அச்சிடுபவர் இன்னார், வெளியிடுபவர் இன்னார், ஆசிரியர் இன்னார். 1867ஆம் ஆண்டின் ஆங்கிலேய அரசுச் சட்டம் கட்டாயமாக்கிய வழக்கம் அது. 2023இல் இயற்றிய புதிய சட்டம் நடைமுறைக்கு வரும் வரை அந்தப் பழைய சட்டம்தான் இருந்தது. எதை அச்சிட்டாலும் பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும், பிடித்து உள்ளே போட ஒரு பெயர் வேண்டும் என்பது அரசின் கணக்கு. 1908இல் 'இந்தியா' இதழின் எழுத்துக்காக அரசு கைது செய்தது, அதில் எழுதிக் குவித்த பாரதியாரை அல்ல; பதிவேட்டில் பெயர் இருந்த சீனிவாசனை. அவர் சிறைக்குப் போனார், பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். நான் ஒவ்வோர் இரவும் அந்தப் பொடி வரியைச் சரிபார்க்கும்போது சீனிவாசனை நினைத்துக்கொள்வேன். பெரிய பெயர்களின் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்வார் குறைவு. இங்கேயாவது சொல்கிறேன்.

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனம் இல்லை. காலையில் ஒருவரின் பேச்சைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டி, மாலையில் நான்கு பேரை உட்காரவைத்து, "சர்ச்சை எழுந்துள்ளது" என்று தொடங்குகிறார்கள். எழுப்பியவர்கள் அங்கேயே ஒலிவாங்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பணி ஓய்வுக்குப் பின் நான் தினமும் ஒரு பக்கம் எழுதுகிறேன். கோடு போட்ட நோட்டு, நீல மை. அன்று கண்டது, கேட்டது, யாரோ சொன்ன ஒரு வாக்கியம், சில நாள் ஒரு கதையின் துண்டு. வெளியிடுவதற்காக இல்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் எழுத்தையே பார்த்த கண்ணுக்கு என் எழுத்து எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் தொடங்கினேன். பிறகு அதில் ஒரு பயிற்சி சேர்ந்துகொண்டது. நாளிதழில் வரும் நான்கு வரிச் செய்தி ஒன்றை எடுத்து, அதன் எழுவாய்களைத் திரும்ப வைத்து எழுதிப் பார்ப்பேன். "தெரிகிறது" என்று இருந்தால் யாருக்கு என்று கேட்பேன். "கூறப்படுகிறது" என்று இருந்தால் கூறியவர் எங்கே நின்றுகொண்டு கூறியிருப்பார் என்று யோசிப்பேன். "அப்பகுதியில் பரபரப்பு ஏற்பட்டது" என்ற வாக்கியம் வந்தால், அந்தத் தெருவில் அன்று கதவைச் சாத்திக்கொண்ட ஒரு வீட்டை எழுதுவேன். கதை எழுதுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. நான்கு வரிச் செய்தி இரண்டு பக்கமாக வளரும். சில நேரம் வளராது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் பக்கத்தில் மிஞ்சும்.

இந்தப் பழக்கத்தால் ஒரு நாள் என் பழைய நோட்டு ஒன்றை எடுத்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு தேர்தல் நேரத்தில் எழுதியது. அதில் இப்படி ஒரு வரி இருந்தது: "தம்பிக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோனது."

நடந்தது இதுதான். குடும்பத்தினர் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் தம்பி ஒரு காணொளியை அனுப்பினான். பலர் கைமாறி வந்தது என்பதற்கு அடையாளமாக மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது. அரை நிமிடம் ஓடும். ஒரு தலைவர் மேடையில் பேசுகிறார், கேட்கவே கூசும் ஒரு கருத்தைச் சொல்கிறார். எனக்குக் கேட்ட மாத்திரத்தில் சந்தேகம் வந்தது. தமிழில் அடுத்தவர் கூற்றை எடுத்துச் சொல்லும்போது, கூற்று முழுவதும் முடிந்த பிறகுதான் "என்று" வரும். யார் சொன்னார்கள் என்பதைக் கடைசியில்தான் சொல்வோம் பெரும்பாலும். "என்று" வருவதற்கு முன் வெட்டிவிட்டால், மறுப்பதற்காக ஒருவர் எடுத்துச் சொன்னது அவருடைய சொந்தக் கருத்தாகிவிடும். முழுப் பேச்சைத் தேடிப் பார்த்தேன். நினைத்தபடியே, அடுத்த நொடியில் "என்று சொல்கிறார்களே, அவர்களைக் கேட்கிறேன்" என்று தொடர்ந்தது அந்தப் பேச்சு. கத்திரித்தவருக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்திருக்கிறது. எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்து வெட்டியிருக்கிறார்.

இதை நான் தம்பியிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். குழுவிலேயே எழுதினேன். அத்தனை உறவினரும் பார்க்க, "படித்தவன்தானே நீ, இதைக்கூடப் பார்க்கமாட்டாயா?" என்று எழுதினேன். அவனுடைய கட்சியைப் பற்றி இரண்டு வாக்கியம், அவனுடைய அறிவைப் பற்றி ஒரு வாக்கியம். அவன் வெகுநேரம் கழித்துப் பதில் போட்டான்: "அண்ணா, உங்களுக்கு எப்போதும் பிழைதான் கண்ணில் படும். அனுப்பியவனை ஒரு நாளும் பார்த்ததில்லை." நான் குழுவிலிருந்து வெளியேறினேன். அதன் பிறகு இரண்டு முறை அவன் தொலைபேசியில் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை.

அன்று இரவு நோட்டில் எழுதியது: பேச்சு நின்றுபோனது. நின்றது, நிறுத்தினேன். நாளிதழில் யார் யாரோ செய்கிறார்கள் என்று நான் குறை சொன்ன அதே வேலையை, யாரும் படிக்காத என் சொந்த நோட்டில், எந்த அவதூறு வழக்குக்கும் அஞ்சத் தேவையில்லாத இடத்தில் செய்திருக்கிறேன். காணொளி விஷயத்தில் நான் சரி. அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பேச்சை நிறுத்தியது அந்தக் காணொளி இல்லை, தேர்தல் இல்லை, அதை வெட்டிய முகம் தெரியாத ஆள் இல்லை. நான்.

சிவப்புப் பேனாவை எடுத்து, பழைய குறியீட்டின்படியே அந்தச் சொல்லை அடித்து, ஓரத்தில் "நிறுத்தினேன்" என்று எழுதினேன். மறுநாள் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் எடுத்தான். அழைப்பை ஏற்காமல் விட்டது தவறு, குழுவில் அப்படி எழுதியது தவறு என்று இரண்டையும் எழுவாயோடு சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டீர்களாமே, இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டான். அரசியலில் அவன் இன்னும் அவன் பக்கம்தான், நான் என் பக்கம்தான். இப்போது ஏதாவது காணொளி வந்தால் குழுவில் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பிக் கேட்கிறான். எல்லாவற்றையும் இல்லை. சிலவற்றை.

முதலில் சொன்ன தலைப்புக்கு வருகிறேன். அதை வைத்துப் பல மாதமாக ஒரு கதை எழுத முயன்றுகொண்டிருக்கிறேன். முதல் வரைவில் குழிக்குள் இறங்கிய இளைஞனை எழுதினேன். இரண்டாவதில் அவன் மனைவியை எழுதினேன். இரண்டும் கண்ணீராக வந்தன. அதைவிட மோசம், அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி எனக்குத் தெரியாததையெல்லாம் தெரிந்ததுபோல எழுதியிருந்தேன். திரும்பப் படித்தால் கதையிலும் வாயுதான் கொலைகாரனாக இருந்தது. அவர்களைக் கூப்பிட்டவர் ஒரு மங்கலான உருவம், பெயர் இல்லை, முகம் இல்லை, ஒரு வரியில் வந்து போகிறார். நான் அறியாத ஆட்களை விரிவாக எழுதிவிட்டு, நன்றாக அறிந்த ஆளை விட்டிருக்கிறேன். அடைத்துக்கொண்ட குழாயைப் பற்றி அக்கம்பக்கத்தில் புகார் வந்து, யாரிடமோ ஒரு எண்ணை வாங்கி, "இன்றைக்கே வந்து முடித்துக்கொடுங்கள்" என்று சொல்லக்கூடியவர். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், காலையில் நாளிதழ் படிப்பவர். அவரை எனக்குத் தெரியும். என் வயது, என் படிப்பு, என் சட்டை.

நேற்று மூன்றாவது வரைவைத் தொடங்கினேன். இதுவரை ஒரு வாக்கியம்தான் எழுதியிருக்கிறேன். தன்மை ஒருமையில்.

"காலை பத்து மணிக்கு நான்தான் அவர்களைத் தொலைபேசியில் அழைத்தேன்."

இன்று காலையிலிருந்து நோட்டு மேசைமேல் திறந்தே இருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் அந்த 'நான்' பேரம் பேச வேண்டும்.